குழாய்க்குள் தடுமாறும் எறும்புக் கூட்டம்: விடுவதா, தொடுவதா?

ராணி எறும்பு ஒன்றைச் சோதனைக்குழாயில் (கடைசியில் தண்ணீர், அதை அடைத்து ஒரு பஞ்சு, வாயில் இன்னொரு பஞ்சு) வைத்து வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு முதல் ஓராண்டுக்குள் இப்படியொரு நாள் வந்தே தீரும். நேற்றுவரை இருந்த முட்டைக் குவியலைக் காணோம். அல்லது பிறந்த நாலைந்து வேலைக்கார எறும்புகளில் இரண்டு கால் மடங்கிக் கிடக்கின்றன. அல்லது பஞ்சு கறுத்துவிட்டது. அன்றைக்கு யோசனை கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: தீனி போடு, சூடு வை, குழாயை மாற்று, வேறு கூட்டிலிருந்து கூட்டுப்புழு வாங்கிப் போடு, எதையும் தொடாமல் இருட்டில் வை. ஐந்துக்கும் பொருத்தமான நேரம் உண்டு. நேரம் தப்பினால் ஐந்தும் ராணியைக் கொல்லும், தொடாமல் இருட்டில் வைப்பது உட்பட.

என் கட்சி இது: குழாயில் எது குறைகிறது என்று தெரிந்தால் அதை மட்டும் கொடுக்க வேண்டும், தெரியாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எதை முதலில் பார்ப்பது என்பதற்கு ஒரு வரிசையும் உண்டு. தண்ணீர் இல்லாமல் சில நாள்கூடத் தாங்காது. தீனி இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும். துணைக்கு ஆளே இல்லாமல் ராணி மட்டும் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் பதறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். ஆள் குறைந்துவிட்டதே என்று கூட்டுப்புழு தேடி அலைவார்கள். குழாயின் கடைசியில் தண்ணீர் வற்றியிருப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சும்மா விடுவது

ஐந்தில் இதற்குத்தான் செலவே இல்லை, பலருக்குச் செய்ய முடியாததும் இதுதான். லாசியஸ் நைஜர் (ஐரோப்பியத் தோட்டங்களின் கறுப்பு எறும்பு), கட்டெறும்புகள் அடங்கிய கேம்போனோடஸ், ஃபெய்டோலே, மெஸ்ஸார் போன்றவற்றின் ராணிகள் கலவிப்பறப்பு முடிந்ததும் இறக்கைகளை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் ஓர் அறையில் தங்களையே அடைத்துக்கொள்ளும். இனி அந்த இறக்கைகளை இயக்கிய தசைக்கு வேலை இல்லை. அது கரையத் தொடங்கும். கரைந்த தசையும் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பும்தான் முதல் குஞ்சுகளுக்கு முழு உணவு. (முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றையும் சேர்த்துத்தான் குஞ்சுகள் என்கிறேன்.) முதல் வேலைக்கார எறும்பு வெளிவரும்வரை இந்த ராணிக்கு நீங்கள் தரவேண்டியது ஈரம், இருட்டு, அமைதி ஆகிய மூன்று மட்டுமே. சூடான இடத்துச் செந்நெருப்பு எறும்பு மூன்று, நான்கு வாரத்தில் முதல் ஆளைப் பெற்றுவிடும். லாசியஸ் நைஜருக்கு ஏறக்குறைய 2 மாதம். குளிர்ந்த அறையில் அதற்கும் மேல்.

முட்டைகள் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான். அதிர்வோ வெளிச்சமோ அடிக்கடி வந்தால், இந்த இடம் ஆகாது என்று ராணி முடிவு கட்டிவிடும். முட்டைகளைத் தின்று, போட்ட முதலைத் திரும்ப உடம்புக்குள் எடுத்துக்கொள்ளும். தொல்லை நின்றால் அதே முதலை வைத்து மறுபடி இடும். ஒரு தடவை நடந்தால் பெரிய இழப்பில்லை. பார்க்கும் ஆசையில் நாள்தோறும் குழாயை எடுத்துத் திருப்பினால் ஒவ்வொரு சுற்றிலும் கையிருப்பு கரையும். கடைசியில் முட்டையிடத் தெம்பு இருக்காது. குளிர்சாதனப் பெட்டியின் மேலும், ஒலிபெருக்கி வைத்த மேசையிலும், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் குழாயை வைப்பவர்கள் தொடாமலேயே தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பார்க்காமல் இருக்கவே முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்தது. ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எறும்புகளை வளர்த்து, பல நிற வெளிச்சத்தில் அவை என்ன செய்கின்றன என்று பார்த்தார். ஊதாவையும் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் கண்டால் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. சிவப்பிலோ இருட்டில் இருப்பதுபோலவே இருந்தன. குழாயைச் சிவப்புத் தாளால் சுற்றி வைக்கும் பழக்கத்துக்கு அடிப்படை இதுதான். வெளிச்சத்துக்கு அது போதும், அதிர்வுக்கு எதுவும் செய்யாது. சிவப்புத் தாளே சுற்றியிருந்தாலும் வாரம் ஒரு முறைக்கு மேல் குழாயைத் தூக்காதீர்கள்.

ஆனால் எல்லா ராணியும் அடைந்து கிடக்கும் ராணி அல்ல. மிர்மிகா, மிர்மீசியா, ஹார்பெக்னாதோஸ் வகைகளில் ராணி முதல் குஞ்சுகளை வளர்க்கும்போதே வெளியே போய் இரை தேடும். இவற்றைச் சும்மா விட்டால் பட்டினியில் சாகும். வேறுபாட்டை உடம்பிலேயே பார்க்கலாம். அடைந்து கிடக்கும் ராணிக்கு நடு உடல் திரண்டு, முதுகு மேடு தட்டி, தன் இனத்து வேலைக்கார எறும்போடு சேர்ந்தவள்தானா என்று ஐயப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். பறக்கும் தசை அடைத்த இடம் அது. வெளியே போகும் ராணியின் நடு உடல் ஒடுங்கி, கொஞ்சம் பெரிய வேலைக்கார எறும்பு போலத் தோன்றும். மூன்றாவது வகையும் உண்டு: லாசியஸ் அம்ப்ராடஸ், ஃபார்மிகா சாங்குவினியா போன்றவை வேறு இனத்துக் கூட்டில் புகுந்து அங்குள்ள ஆட்களை வைத்தே குடும்பம் நடத்துபவை. தனிக் குழாயில் இவை எத்தனை மாதம் இருந்தாலும் கூட்டம் உருவாகாது. எந்த இனம் என்று தெரியாமல் சும்மா விடுவதா, ஊட்டுவதா என்று வாதிடுவதில் பொருளே இல்லை.

தீனி

அடைந்து கிடக்கும் ராணிக்கு, வேலைக்கார எறும்பு வருமுன் தீனி வேண்டுமா? நல்ல எடையோடு வந்த ராணிக்கு வேண்டாம். தீனியால் வரும் நன்மையை, பஞ்சைத் திறப்பதும் மிச்சம் அழுகுவதும் தின்றுவிடும். இரண்டு சூழலில் மட்டும் நான் கொடுக்கச் சொல்வேன். ஒன்று, இரண்டு முறைக்கு மேல் முட்டைகளைத் தின்று தீர்த்துவிட்ட ராணி. இன்னொன்று, பிறந்த ஆட்கள் எல்லாம் செத்து, மறுபடி தனியாளாக நிற்கும் ராணி. இரண்டு பேருக்கும் கையிருப்பு கரைந்துவிட்டது. வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. தேனும் தண்ணீரும் கலந்த ஒரு துளி, ஒரு சிறு பூச்சித் துண்டு, மறுநாளே மிச்சத்தை எடுத்துவிடுவது. அதற்கு மேல் கிண்டக் கூடாது.

முதல் ஆட்கள் வந்தபிறகு கதை வேறு. இவை வழக்கமான வேலைக்கார எறும்பைவிடச் சிறியவை, பயந்தவை, ஆயுளும் குறைவு. ராணியின் உடம்பிலிருந்து எவ்வளவு பிழிய முடியுமோ அவ்வளவில் உருவானவை. முதல் சில நாள் வெளியே வராது. அதன்பின் தீனி வராவிட்டால் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். "ஆட்கள் பிறந்தன, ஒரு மாதத்தில் செத்தன" என்று சொல்லும் பலருடைய குழாயில் நடந்தது இதுதான். இங்கே சும்மா விடுவது பிழை.

என்ன கொடுப்பது என்பதில் ஒரு குழப்பம் ஓயாமல் வருகிறது. வளர்ந்த எறும்பின் இடுப்பு நூல் போல ஒடுங்கியது. திடமான எதுவும் அதைத் தாண்டி வயிற்றுக்குப் போகாது. வேலைக்கார எறும்பு குடிப்பதெல்லாம் நீர்மம், பெரும்பாலும் சர்க்கரை. புரதம் வேண்டியது புழுக்களுக்கும், முட்டையிடும் ராணிக்கும். ஆகவே புழு இல்லாத கூட்டத்தில் பூச்சியைத் தொடாமல் விட்டால் நோய் என்று எண்ண வேண்டாம். புழுக்கள் நிறைந்திருந்தும் வளராமல் அப்படியே கிடந்தால், சர்க்கரைத் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அளவுதான் உயிரைக் காப்பதும் எடுப்பதும். தேன் ஒரு பங்குக்கு மூன்று, நான்கு பங்கு தண்ணீர் கலந்து, குண்டூசித் தலையளவு துளியைச் சிறு அலுமினியத் தாள் துண்டின் மேல் வைத்துக் குழாய் வாயருகே நகர்த்துங்கள். துளி பெரிதானால் என்ன ஆகும் என்று ஒரு தடவை உற்றுப் பார்த்தால் புரியும். சின்ன எறும்பு முன்கால்களை ஊன்றிக் குனியும். துளியின் பரப்பு பசை போல அதன் உணர்கொம்பைப் பிடித்து இழுக்கும். பின்வாங்கத் தெரியாமல் முகம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தில் இருப்பதே ஐந்து பேர் என்றால் அந்த ஒரு சாவு ஐந்தில் ஒரு பங்கு. பூச்சியானால் பழ ஈ ஒன்று, அல்லது குட்டி வெட்டுக்கிளியின் வெட்டிய கால் போதும். தோலைக் கடித்துப் பிளக்கும் வலு முதல் ஆட்களுக்கு இல்லை, நீங்கள்தான் நறுக்கித் தர வேண்டும். வெளியில் பிடித்த பூச்சி வேண்டாம்; பூச்சிமருந்து எங்கே பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. வளர்ப்புப் பூச்சியையும் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் ஒட்டியிருக்கும் உண்ணிகள் போகும்.

குழாயை மாற்றுவது

குழாய் மாற்றும் ஆசையைப் பெரும்பாலும் கிளப்புவது பூஞ்சணம்தான். பஞ்சில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்ததும் புதுக் குழாய் தேடுவார்கள். மண்ணுக்கடியில் வாழும் உயிருக்குப் பூஞ்சணம் புதிதல்ல. பெரும்பாலான எறும்புகளுக்கு நடு உடலின் பின்பக்கத்தில் கிருமியெதிர்ப்புச் சுரப்பிகள் உண்டு. கேம்போனோடஸில் பெரும்பாலான இனங்களுக்கு அவை இல்லை. ஆனால் அவற்றிடம் ஃபார்மிக் அமிலம் இருக்கிறது, ஒன்றையொன்று நக்கித் துடைக்கும் பழக்கமும் இருக்கிறது. பஞ்சின் நடுவே பூஞ்சணம், குஞ்சுகள் அதிலிருந்து தள்ளி, ராணி நிதானமாக இருக்கிறாள் என்றால் நான் மாற்ற மாட்டேன். குஞ்சுகளின் மேல் பூஞ்சணம் ஏறிவிட்டால், தண்ணீர் நாறினால், அல்லது ராணி ஈரப்பஞ்சை விட்டு எதிர்முனையில் போய் ஒட்டிக்கொண்டால் மாற்றுவேன்.

தண்ணீர் விஷயத்தில் இந்தத் தயக்கம் கூடாது. தேக்கம் வற்றி, பஞ்சும் வெளுத்து உலரத் தொடங்கினால் அன்றே புதுக் குழாயை இணைக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்ற கணக்கு பலிப்பதில்லை. கடைசி ஈரம் போன பிறகு முட்டைகள் சுருங்குவதற்கு நேரமே ஆகாது.

எப்படி மாற்றுவது என்பதிலும் இரண்டு வழி. பழைய குழாயின் வாயோடு புதுக் குழாயின் வாயை ஒட்டி, இடைவெளியை நாடாவால் அடைத்து, புதியதை இருட்டாகவும் பழையதை வெளிச்சமாகவும் விட்டுவிட்டுப் போவது ஒன்று. கவிழ்த்துத் தட்டி உள்ளே கொட்டுவது இன்னொன்று. முதல் வழியில் ஒரு மணி நேரத்தில் குடிபோகலாம், மூன்று வாரம் ஆகலாம், போகாமலும் இருக்கலாம். போகாவிட்டால் பழைய இடம் அவற்றுக்கு இன்னும் போதும் என்று பொருள், விட்டுவிடலாம். கொட்டும்போது முட்டைகள் கண்ணாடியில் ஒட்டிச் சிதையும், ராணிக்குக் கால் முறியலாம். ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும் இனங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: மிரண்டு போய் மூடிய குழாய்க்குள் அமிலத்தை விட்டால் அந்த ஆவியே அவற்றைக் கொல்லும். எனவே கொட்டுவதை வெள்ளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு வழுக்கித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, ராணி நனைந்து மிதக்கிறாள் என்றால் யோசிக்க நேரமில்லை, கொட்டத்தான் வேண்டும். மூழ்கிச் செத்தது போல் கிடக்கும் எறும்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உலர்ந்த தாளின் மேல் சில மணி நேரம் வைத்தால் பல நேரம் கால் அசையும், அப்புறம் எழுந்து நடக்கும்.

சூடு

குஞ்சுகள் வளராமல் நிற்பதற்கு அடுத்த பரிந்துரை வெப்பக் கம்பி. எறும்புகளுக்குச் சொந்த உடல்வெப்பம் கிடையாது, ஆகவே 20 பாகை செல்சியஸில் இழுக்கும் வேலை 26 பாகையில் விரைவாக நடக்கும். பல இனங்களுக்கு 24 முதல் 28 பாகை ஏற்றது. இதுவரை சரி. ஆனால் சூடு ஏறினால் எறும்பின் உடம்பு எரிக்கும் உணவும் ஏறும், நீர் ஆவியாவதும் ஏறும். தீனி போதாத கூட்டத்துக்குச் சூடு வைப்பது பட்டினியை விரைவுபடுத்துவதுதான். எனவே தீனியும் நீரும் சரியாக இருந்தால் மட்டுமே சூட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். தண்ணீருக்கு மேல் சிறு காற்றுக் குமிழி இருக்கும் குழாயை எடுத்துக்கொள்வோம். வெப்பக் கம்பி தண்ணீர்ப் பக்கம் பட்டால் அந்தக் குமிழி விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியாக உள்ளே தள்ளும். இரவில் ஆறிச் சுருங்கும். மறுநாள் மறுபடி விரியும். நாளுக்கு ஒரு தள்ளல் என்று அறை நனைந்துகொண்டே வரும், காரணம் தெரியாமல் பஞ்சைக் குறை சொல்வார்கள். குமிழி இல்லாமல் நிரப்புவது ஒரு காப்பு. வெப்பத்தை உலர்ந்த முனையில் மட்டும் வைப்பது இன்னொன்று. குழாயின் ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை அறை வெப்பத்திலும் இருந்தால், குஞ்சுகளை எங்கே அடுக்குவது என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும். நேர் வெயிலில் குழாயை வைப்பது இந்த ஒப்பீட்டிலேயே சேராது. கண்ணாடிக் குழாய் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

கூட்டுப்புழு கடன் வாங்குவது

சுவையான வாதம் நடப்பது இங்கேதான். ஆட்களை இழந்த ராணிக்கு அதே இனத்தின் வேறொரு கூட்டிலிருந்து குஞ்சுகளைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுமா? பல இனங்களில் ஏற்றுக்கொள்ளும். வளர்ந்த எறும்பு தன் தோலில் பூசியிருக்கும் மெழுகு வாசனையை வைத்துத்தான் தன் கூட்டம், அயல் கூட்டம் என்று பிரிக்கிறது. கூட்டுப்புழுவுக்கு அந்த வாசனை இன்னும் அழுத்தமாக ஏறியிருக்காது. வெளிவந்த முதல் சில நாளில் எந்தக் கூட்டத்தில் இருக்கிறதோ அதன் வாசனையை வாங்கிக்கொள்ளும். முசிறு எறும்பு ராணிகளுக்கு வேறு கூட்டின் கூட்டுப்புழுக்களைக் கொடுத்து ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் விரைவாகப் பெருகியது. ராணிகளின் சொந்த உற்பத்தியும் கூடியது.

எந்தப் பருவக் குஞ்சு நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. முட்டை கொடுத்தால் ராணி தின்றுவிட வாய்ப்பு அதிகம். தின்றாலும் அவளுக்கு உணவாகிறது என்று ஆறுதல் கொள்ளலாம், அவ்வளவே. புழு கொடுத்தால் ஊட்டும் சுமை ஏறும். ஏற்கெனவே நலிந்த ராணிக்கு அது உதவி அல்ல, வேலை. கூட்டுப்புழு தின்பதில்லை, காத்திருந்தால் ஆளாகிவிடும். அதிலும் முற்றிய கூட்டுப்புழுவாகப் பார்க்க வேண்டும். ஃபெய்டோலே, மெஸ்ஸார், சோலெனாப்சிஸ் வகைகளில் கூட்டுப்புழு உறையின்றி இருப்பதால் இது எளிது: முதலில் பால்வெள்ளையாக இருக்கும் உடம்பில் கண்கள் மட்டும் இரண்டு கரும்புள்ளியாகத் தெரியும், பிறகு தாடை விளிம்பு பழுப்பாகும், கடைசியில் உடம்பு முழுதும் தேன்நிறம் ஏறிவிடும். அந்தக் கடைசி நிலையில் வாங்கியது சில நாளிலேயே எழுந்து நடக்கும். லாசியஸும் கேம்போனோடஸும் பட்டு உறைக்குள் இருப்பவை. உறையைக் கிழித்து வெளியே இழுக்க ஓர் ஆள் வேண்டும். தனி ராணி அதைச் செய்வாள், அவள் முதல் குஞ்சுகளுக்குச் செய்வதும் அதுவே. ஆனால் தெம்பில்லாத ராணியிடம் இருபது உறைகளைக் கொட்டினால் பாதி உள்ளேயே மடியும். ஐந்தாறு போதும்.

வளர்ந்த வேலைக்கார எறும்புகளை அப்படியே விடுவதை யாரும் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். ராணியைச் சூழ்ந்து காலைப் பிடித்து இழுத்துக் கொல்லும். இனம் ஒன்றுதானா என்று உறுதியில்லாத கூட்டுப்புழுவும் வேண்டாம். உண்ணியும் நோயும் கூடவே வரும் என்பது இந்த வழியின் நிலையான விலை, அதைக் குறைக்கலாம், நீக்க முடியாது. காட்டுக் கூட்டைக் கிண்டி எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. நம் குழாயில் ஐந்து பேர் பிழைக்க அங்கே ஒரு கூட்டைக் குலைக்க வேண்டுமா? வளர்ப்பவர் ஒருவரிடம் பெரிய கூட்டம் இருந்தால் கேட்டு வாங்குவது நேர்மையான வழி.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது, தொடக்கத்திலேயே இரண்டு மூன்று ராணிகளை ஒரே குழாயில் வைப்பது. முதல் ஆட்கள் அதிகமாக வரும், சீக்கிரமும் வரும். லாசியஸ் நைஜரில் அதன் பின்விளைவும் நன்றாகத் தெரிந்ததே: ஆட்கள் பிறந்தபின் ராணிகள் ஒன்றையொன்று தாக்கும், ஒன்றே மிஞ்சும். மிஞ்சியதும் காயத்தோடு மிஞ்சலாம், இரண்டும் சாகலாம். மண்ணுக்குள் பக்கத்துக் கூட்டங்களோடு போட்டி போட வேண்டிய ராணிகளுக்கு இந்தச் சூதாட்டம் கட்டுபடியாகும். குழாயில் போட்டியே இல்லாதபோது எதற்கு? இயல்பாகவே பல ராணிகளோடு வாழும் இனமாக இருந்தால் மட்டும் சேர்த்து வையுங்கள்.

பெரிய வீட்டைப் பற்றி இரண்டு வரி போதும். ஆட்கள் சாகிறார்கள், இடம் போதவில்லை போலும் என்று பத்து எறும்புகளைப் பல அறை கொண்ட கூட்டுக்குள் விடுவது, இதுவரை சொன்ன தவறுகளிலேயே மீள்வதற்கு மிகக் கடினமானது. மூலையில் குப்பை சேரும், பூஞ்சணம் பிடிக்கும், ஈரம் எங்கே என்று தேடியே சின்ன ஆட்கள் தேய்ந்துபோகும். குழாயே கொள்ளாமல் வாயில் வந்து நிற்கும்வரை குழாய்தான் வீடு.

நின்றுபோனதா, தூங்குகிறதா?

குளிர்நாட்டு இனங்களை வளர்ப்பவர்களுக்கு இலையுதிர் காலத்தில் இன்னொரு பயம் வரும். ராணி முட்டையிடுவதை நிறுத்திவிட்டாள், புழுக்கள் அப்படியே நிற்கின்றன, ஆட்கள் மந்தமாகிவிட்டார்கள், தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சூடேற்றி எழுப்புவதா, குளிரவிட்டு உறங்கவைப்பதா?

அந்த இனங்களுக்குக் குளிரவிடுவதே சரி. மிதவெப்பக் கேம்போனோடஸ் உடம்புக்குள்ளேயே காலக்கணக்கு வைத்திருக்கும். அறை எவ்வளவு சூடாக இருந்தாலும் நேரம் வந்தால் நிறுத்திவிடும். அவற்றின் புழுக்களும் குளிர்காலம் முழுக்க வளராமல் காத்திருந்து வசந்தத்தில் தொடரும். கட்டாயமாகச் சூட்டில் வைத்தால் முட்டையும் வராது, ஆட்களும் கையிருப்பை எரித்துத் தீர்ப்பார்கள், ராணியின் ஆயுளும் குறையும். லாசியஸ் நைஜருக்கு 5 முதல் 10 பாகையில் மூன்று, நான்கு மாதம் என்பது வழக்கம். படிப்படியாக இறக்கி, படிப்படியாக ஏற்ற வேண்டும். அந்த மாதங்களிலும் தண்ணீர் தீராமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பமண்டல இனத்தை இதே போல் குளிரில் வைத்தால் சாகும். மறுபடியும் இனம் எது என்ற கேள்விக்குத்தான் வந்து நிற்கிறோம்.

இந்த ஓய்வைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ராணியின் ஆயுளே போதிய காரணம். லப்பக் வளர்த்த ஃபார்மிகா ஃபஸ்கா ராணி 1874 முதல் 1888 வரை அவரோடு இருந்தது. வளர்ப்பில் ஒரு லாசியஸ் நைஜர் ராணி 28 ஆண்டுக்கு மேல் வாழ்ந்த பதிவும் உண்டு. அப்படிப்பட்ட உயிருக்கு ஒரு குளிர்காலம் சும்மா கிடப்பது இழப்பே அல்ல.

கைவிட வேண்டிய கூட்டம்

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கூட்டம் எழாவிட்டால் கூட்டுப்புழுக்களை உற்றுப் பாருங்கள். எறும்பில் கருவுறாத முட்டை ஆணாகும். கலவி நடக்காத ராணி இறக்கையை உதிர்த்து, முட்டையிட்டு, புழு வளர்த்து, வெளிப்பார்வைக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்வாள். முதல் ஆட்களின் கூட்டுப்புழு ராணியின் வயிற்றில் பாதிகூட இருக்காது. ஆண் கூட்டுப்புழுவோ அதைவிடப் பருத்துத் தெரியும்; உறையில்லாத இனமானால் சின்னத் தலையும், பெரிய கண்ணும், பக்கவாட்டில் மடித்த இறக்கை மொட்டும் வெளிப்படையாகவே தெரியும். வெளிவரும் ஆண், குஞ்சுகளைக் கவனிக்காது, தீனி தேடாது, கொஞ்ச நாளில் செத்துவிடும்.

இந்த ராணிக்குக் கடன் கூட்டுப்புழு கொடுத்தால் ஒரு சுற்று ஆட்கள் கிடைப்பார்கள். அவர்கள் சாகும்வரை கூட்டம் இருப்பது போலத் தோன்றும், அவர்களும் ஆண்களைத்தான் வளர்ப்பார்கள். சூடும் தீனியும் கொடுத்தாலும் அதே கதைதான். வைத்துக்கொள்ள ஆசையிருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வைத்துக்கொள்ளலாம், அவள் இன்னும் பல மாதம் இருப்பாள். கூட்டம்தான் வேண்டும் என்றால் அடுத்த பறப்புக்காலத்துக்கு இன்னொரு குழாயைக் கழுவி, குமிழியில்லாமல் நிரப்பி வையுங்கள். வெளிநாட்டு இனமாக இருந்தால் அவளைத் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள்.